பக்கத்தில் நிற்பவர்

லெர்விக்கில் டிசம்பர்.
இரண்டரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
மரண அறிவிப்புக்குச் சொல்லுக்கு நாற்பது பென்ஸ்.
ரூபி ஹால்க்ரோ ஆட்டுத்தீவன ரசீதின் பின்பக்கம்
பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.

முதல் வரி:
நாட் ஒன்லி வலை பின்னுவார், பட் ஆல்சோ முன்கோபம்.

இந்தப் பக்கம் வினை என்றால்
அந்தப் பக்கமும் வினை வேண்டும், மிஸஸ் ஹால்க்ரோ.
துடுப்பில் ஒன்று குட்டையானால்
படகு வட்டமடிக்கும்.

"லோரியோடு நீ படகில் போனதில்லை" என்றாள்.
"வட்டம்தான் அடிக்கும்."

கோபப்படுவார் என்று மாற்றினோம்.
ஆங்கிலத்தில் ஒரு சொல் கூடியது. நாற்பது பென்ஸ்.

அடுத்து, ஜூனிலிருந்து எட்டிப் பார்க்காதவர்கள்:
நைதர் தம்பி, நார் மகன்கள்.
நைதர் இருந்தது, நாரும் இருந்தது.
நார் இல்லாமல் எதைக் கட்டுவது?
பிழை வினையில்.
ஹேஸ் என்று ஒருமையில் போட்டிருந்தாள்.
இப்படி இரண்டு எழுவாய் நின்றால்
வினை இருவரையும் பார்க்காது,
பக்கத்தில் நிற்பவர் முகம் பார்த்துத்தான் பேசும்.
பக்கத்தில் மகன்கள்.
ஆகவே ஹேவ்.

"பக்கத்திலா?
ஒருவன் அபர்டீனில். ஒருவன் பெர்த்தில்,
அதுவும் ஆஸ்திரேலியாப் பெர்த்.
பக்கத்தில் இருப்பது கிப்பி.
சுவருக்கு அந்தப் புறம்.
கரி வெட்டும் சதுப்பு யாருக்கென்று
பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை.
அவன் அடுப்புப் புகை என் துணியில் படிகிறது."

பென்சிலைப் பிடுங்கினாள்.
மகன்களை முன்னால் தள்ளினாள்.
கிப்பியை இழுத்து வினையோடு ஒட்டி நிறுத்தினாள்.
ஹேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.
"இப்போது?"
இப்போது ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை.

கடைசி வரியில் தனியாக ஓர் ஐதர்.
ஐதர் இந்தக் குளிரோடு படகை விற்றுவிடுவேன் என்பார்.
ஆர் எங்கே, என்று கேட்டேன்.
ஐதர் வந்தால் ஆர் வந்தாக வேண்டும்,
அதுவரை வாசிப்பவர்
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

"நாற்பத்தொரு குளிர்காலம் நின்றேன்.
ஆர் என்று அவர் வாய் திறந்ததே இல்லை.
சொல்லாததை நான் எப்படி எழுத?"
சில்லறையை எண்ணி வைத்தாள்,
ஐதருக்கும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது.
பத்து மணிக்கு இங்க்ஸ்டர் கூப்பிட்டார்.
பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்,
அவருடைய சிவப்பு மை இன்னும் பெறவில்லை.
ஐதருக்கு ஜோடியைக் காணோமே?
காணோம் சார், எங்களுக்கும் தெரியும்.

நாலு மணிக்கு இன்னோர் அழைப்பு.
பெயர் சொல்லவில்லை.
பின்னால் ஆடுகள், காற்று.
"அந்த வரியில் நானும் இருக்கிறேன்,
பையன்களும் இருக்கிறார்கள்.
ஒரே ஓர் ஆள் வராத மாதிரி ஏன் போட்டிருக்கிறது?"

விதி அப்படி, என்றேன்.
யார் பக்கத்தில் இருக்கிறாரோ
அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காற்று மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"அடக்கம் பதினொன்றுக்கா?"
அப்படித்தான் போட்டிருக்கிறோம்.
"பார்த்தேன்.
ரூபி வண்டி ஏதும் சொல்லியிருக்கிறாளா?"

அது அறிவிப்பில் இல்லை, என்றேன்.