ஒருபக்க அச்சு

பகலில் என் வேலை
பொருளுக்கு எண் கொடுப்பது.
லெ போர் துறைமுகச் சுங்கம், மூன்றாம் கிடங்கின் மேல்மாடி.
உறைந்த இறாலுக்கு ஓர் எண்,
பிளாஸ்டிக் செம்பருத்திக்கு ஓர் எண்.
கற்பூரம் வந்தால்தான் தகராறு.
ரசாயனம் என்கிறது புத்தகம்.
சாமிக்கு என்கிறார் சேன்-போலிலிருந்து வந்தவர், தொப்பியைக் கழற்றி.
எதிலும் அடங்காததற்கு
எல்லா அதிகாரத்தின் அடியிலும் ஒரு வரி உண்டு:
மற்றவை.
அந்த வரிக்கு வரி அதிகம்.

இரவில் அதே வேலை, சம்பளமில்லாமல்.
இணையத்தில் ஒரு மங்காப் பட்டியல்.
பராமரிக்கும் ஒன்பது பேரில் ஒருத்தி நான்.
மற்ற எட்டுப் பேரைப் பார்த்ததில்லை.
ஒருவர் ஒசாகாவில் பல் மருத்துவர்.
ஜப்பானில் வரைந்தால் மங்கா,
கொரியாவில் மன்வா, சீனாவில் மன்ஹுவா.
பதிப்பாளர், ஆண்டு, தொகுதி,
வாசிக்கும் திசை.

தானே வரைந்து தானே ஏற்றியவர்களை
எங்கே வைப்பது என்று இரண்டு மாதமாகச் சண்டை.
கதவைத் திறந்தால் கடலே உள்ளே வரும், என்றார் மருத்துவர்.
வரட்டுமே என்று எழுதி,
அழித்து,
பரிசீலிக்கலாம் என்று அனுப்பினேன்.

அப்படி உள்ளே வந்ததுதான் இந்த நாய்.
நீல பால்பாயின்ட். கைபேசியில் எடுத்த படம்,
ஓரத்தில் பாதிக் கட்டைவிரல்.
ஆசிரியர் பெயருக்குப் பதில் ஒரு பல்லி.
பேச்செல்லாம் கிரியோல். மொழிப் பட்டியலில் அது இல்லை,
பிரெஞ்சு என்று போட்டேன், கை கூசியது.
கன்டெய்னர் மேல் உட்கார்ந்து
எந்தக் கப்பல் எந்த நாட்டுக்கு என்று
மோப்பம் பிடித்துச் சொல்லும் தெருநாய்.
ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொல்லும்.
நடுராத்திரியில் நான் சிரித்த சிரிப்பில்
மதாம் ஓரோ சுவரைத் தட்டினாள்.

பதினான்காம் பக்கம்.
நாயின் வயிற்றுக்குப் பின்னால்
தாளின் மறுபுறமிருந்து ஊறிவந்த சிவப்பு வட்டம்,
உள்ளே இடவலம் மாறிய எழுத்துகள்.
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன்.
என் முத்திரை.
என் எண், 2217.
அதன்மேல் அவசரமாக என் கையெழுத்து.

வாசிக்கும் திசை: வலமிருந்து இடம்.

என் சீட்டுகள் போகும் கைகள் மூன்று.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தியெரி சினாப்பின்.
பெட்டி எண்ணும் மாயோத்துப் பையன் அன்லி.
கையுறை கழற்றாத ஜோசலின் பாயே.
யார் விரலிலும் நீலம் பார்த்த நினைவில்லை.
விரலையே பார்த்ததில்லை,
தாளைத்தான் பார்ப்பேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தோடு கதை நிற்கிறது.
ஐந்து மாதமாக அசைவில்லை,
கைவிடப்பட்டது என்று போடுங்கள், என்றார் மருத்துவர்.
போடப் போனேன்.
கடைசிப் பக்கத்தின் தேதி மார்ச் ஆறு.

மார்ச் முதல் வாரம்தான் மேலாளரின் சுற்றறிக்கை:
காகிதச் சிக்கனம். இனி எல்லாச் சீட்டும் இருபக்க அச்சு.
அன்றிலிருந்து பின்பக்கம் முழுக்க விதிமுறைகள்,
கடுகு கடுகாக,
எழுதியவரும் படித்திருக்க மாட்டார்.
நாய்க்கு உட்கார இடமில்லை.

திங்கள் காலை
அச்சு இயந்திரத்தின் அமைப்பில்
ஒரு குறியை எடுத்துவிட்டேன்.
முத்திரையை மெல்ல ஒற்றினேன்,
ஓரமாக, மூலையில்.
மை தீர்ந்துபோச்சா மதாம், என்றான் தியெரி.
ஆமாம் என்றேன்.
கட்டு கைமாறிக் கைமாறிக் கிடங்குக்குள் போனது.
யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.
அன்லி அதை விசிறியாக வீசிக்கொண்டான்.

இரவு படிவத்தைத் திறந்தேன்.
பதிப்பாளர் இடத்தை விட்டால் ஏற்க மறுக்கிறது,
சிவப்பில் கத்துகிறது.
துறைமுகம் என்று அடித்து, அழித்து,
பல்லி என்று எழுதினேன்.
வகை: மற்றவை.
இங்கே அதற்கு வரியில்லை.
நிலை: தொடர்கிறது.

ஆதாரம் என்ன என்றார் மருத்துவர்.

புதன்வரை பொறுங்கள்.