வெட்டுமுகம்

பாயா தெருபோங்கில் மலை வெட்டுகிறவன் நான்.
மஞ்சள் மெசின், இருபத்திரண்டு டன்,
ஏசி நினைத்தால் வேலை செய்யும்.
பிளாட்டில் எனக்கு நேர் மேலே, பதினோராம் மாடியில்
யாப் சியூ கெங்.
பகலில் ஊதுவத்திக் கடைக் கணக்கு,
இரவில் மலை.

முதலில் சண்டைதான்.
அவள் தூரிகை கழுவிய தண்ணீர்
எங்கள் சீலிங்கில் சாம்பலாய் இறங்கியிருந்தது.
சட்டைகூட மாற்றாமல் ஏறினேன்.
கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பூட்ஸைப் பார்த்தாள்.
"இது எவ்வளவு உயரத்து மண்?"

சாப்பாட்டு மேசை இல்லாத வீடு.
ஒரு கதவைக் கழற்றிப் படுக்கவைத்து
மேலே கம்பளி, அதற்கு மேலே தாள்.
மழை மாதங்களில் தாளுக்கு வேர்க்குமாம்,
மை சொன்ன பேச்சு கேட்காதாம்.
போத்தல் மூடியால் தண்ணீர் அளந்து ஊற்றி
மைக்கட்டியைக் கல்லில் சுற்றத் தொடங்கினாள்.
எஞ்சின் சூடாகட்டும் என்று
காலை ஏழுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பேனே,
அந்த மாதிரி.

பாதி மலாய், பாதி ஹொக்கியன், மீதிக்குக் கை.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்:
கப்பல் சமையல்காரனோடு நான்கு வருஷக் கல்யாணம்,
சேமிப்பையெல்லாம் துடைத்துக்கொண்டு ஒருமுறை சீனா.
"படங்களில் வரும் மலைகளை நேரில் பார்த்தேன்.
அதுகளுக்கு என்னைத் தெரியவில்லை.
திரும்பிவிட்டேன்."
சங்க மண்டபத்தில் ஒரே ஒரு கண்காட்சி.
மூன்று விற்றதில் ஒன்று
பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் தொங்குகிறது.

சுவரில் எங்கள் மலை.
ஜன்னலில் தெரிகிற அதே மலை,
ஆனால் முப்பத்தெட்டு மாடி இல்லை, கிரேன் இல்லை,
நான் இல்லை.
அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை.
பனியா என்று கேட்டேன்.
"அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.
தெரியாததைத் தொடமாட்டேன்."

பிறகு தூரிகையைச் சாய்த்து
உலர்ந்த மையில் ஒரு இழுப்பு.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
ஈரக் களியில் பக்கெட்டின் பல்
இழுத்துவிட்டுப் போகும் தழும்பு அது!
கோடாரி வெட்டு என்று பெயராம்,
மெசினெல்லாம் வருவதற்கு முன்பே வைத்த பெயர்.

உள்ளே எப்படி இருக்கும், சொல், என்றாள்.
தவமலர்கூடக் கேட்டதில்லை.
அவள் கேட்பது ஓவர்டைம்.
சொன்னேன்.
இரண்டடிக்குக் கறுப்பு, வேர், பழைய மழை வாசம்.
அப்புறம் சிவப்பு, வெட்டிய கணத்தில் மட்டும்
ஈரலைப் போலப் பளபளத்து உடனே மங்கிவிடும்.
அப்புறம் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளை ஓடிய மஞ்சள்.
அதற்கும் கீழே
கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்களே,
அந்தக் கல்லில் நார் நாராகத் தண்ணீர் கசியும்.
எஞ்சினை அணைத்தால் கேட்கும்.
நான் அணைப்பதில்லை, தவுக்கே திட்டுவார்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை உண்டு.
நாங்கள் பிடித்தது ஆறு தளம் கார் பார்க்கிங்.
அவளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.
எலி மட்டும் புரிந்தது,
சிரித்துவிட்டு ஒரு எலி வரைந்து கொடுத்தாள்.

நவம்பரில் சரிவு இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை,
பதினெட்டு நாள் வேலை இல்லை.
அந்த நாள்களில்தான் மேலே போய்ப் பார்த்தேன்.
வெள்ளையில் இப்போது ஒரு மனிதன்,
அரிசி அளவு, முதுகு மட்டும்.
பழைய படங்களில் இப்படி ஒருவன்
மலையைப் பார்த்தபடி இருப்பான் என்றாள்.
இவன் கை முன்னே நீண்டிருந்தது.
கும்பிடவா, லீவரைப் பிடிக்கவா,
நான் கேட்கவில்லை.

சீலிங் கறைக்கு அடிக்க வாங்கிய பெயின்ட்
ஐந்து லிட்டர், திறக்காமல் கிடக்கிறது.
தவமலர் தினமும் ஞாபகப்படுத்துகிறாள்.
படுத்தபடி பார்த்தால்
இடப்பக்க ஓரம் இன்னும் ஈரம்.
நாளை உத்தரவு வந்துவிடும்.
மெசினை ஒன்பது மீட்டர்
மேலே ஏற்ற வேண்டும்.