பராமரிப்பு நேரம்: ஒன்று முதல் நாலு வரை

மூன்று வருஷமாக
மாதத்தின் இரண்டாம் சனி இரவு எனக்கு இருந்ததில்லை.
யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி,
ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை.
இருநூற்றுப் பதினொரு சேர்வர்களை
ஒவ்வொன்றாய் எழுப்பி, மருந்து கொடுத்து, படுக்க வைத்து...
இல்லை, ஆஸ்பத்திரி உவமை வேண்டாம்.
உள்நுழை. நிறுத்து. பேட்ச். தொடங்கு. பார். வெளியேறு.
இருநூற்றுப் பதினொரு தரம்.

நூற்று நாற்பதுக்குப் பிறகு விரல் தன்பாட்டில் போகும்.
அப்போதுதான் பிழை விடுவேன்.
ஒருமுறை தவறான திரையில் ‘நிறுத்து’ கொடுக்க
மாத்தறை வரை களஞ்சிய வாசல்களில்
லொறிகள் பதினெட்டு நிமிஷம் பில் இல்லாமல் நின்றன.

இந்த ஜூனில் ஸ்கிரிப்ட் எழுதினேன்.
முதலில் ஐந்து. அரைமணி காத்திரு.
மூச்சு வந்தால் இருபது. பிறகு மீதி.
ஒன்று விழுந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்து.
அந்தக் கடைசி வரிக்குத்தான் இரண்டு கிழமை போனது.
ஓடச் சொல்வது சுலபம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு பட்டியல் வேண்டும்.
எக்செல் தாளில் இருநூற்றுப் பதினொரு பெயர்.
வலையமைப்பைத் தட்டிக் கேட்டால்
இருநூற்றுப் பன்னிரண்டு குரல்.

உதேஷ் உதட்டைப் பிதுக்கினான்.
நிலூஃபா பழைய மின்னஞ்சல்களைக் கிண்டினாள்.
ஏழு வருஷமாக ஒரு பேட்சும் இல்லை,
கதவெல்லாம் திறந்தபடி,
ஆனாலும் ஒவ்வொரு விடியலும் ஐந்து மணிக்கு
புறக்கோட்டை நாட்டாமிமாரின் நாட்கூலியைக்
காசு பிசகாமல் கூட்டி
அனுப்பிக்கொண்டிருந்தது.

“அணைச்சிடுவம்” என்றான் உதேஷ்.

வெள்ளவத்தை வாடகை அறையில் நாங்கள் ஐந்து பேர்.
பொலிஸ் பதிவுத் தாளில் நாலு பெயர்.
கதவு தட்டுப்படும் இரவுகளில் சின்ன மாமா
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
மூச்சடக்கி நிற்பார்.
விடிந்ததும் வழக்கம்போல
பாண் வாங்கிக்கொண்டு வருவார்.

இதை உதேஷுக்குச் சொல்லவில்லை.
பின்பிரதி எடுத்தேன்.
புறக்கோட்டை-2 என்று பெயர் வைத்து
கடைசி அலையில் சேர்த்தேன்.

இன்று இரண்டாம் சனி. வீட்டில் இருக்கிறேன்.
ஒரு மணிக்கு என்னைக் கேட்காமலே தொடங்கியது.
தூங்கலாம் என்றுதானே இவ்வளவும்.
மரைன் டிரைவில் மழை, தண்டவாளத்துக்கு அப்பால் கடல்,
மடியில் போன்.
ஐந்து, இருபத்தைந்து, தொண்ணூறு,
இருநூற்றுப் பதினொன்று.

மூன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு வரி:
புறக்கோட்டை-2, பின்வாங்கப்பட்டது.
காரணம்: இடம் போதாது.

சிரித்துவிட்டேன், இருட்டில், தனியாக.
தொட்டதைத் தொட்ட இடத்திலேயே விட்டுவிட்டு
ஒழுங்காக நின்றிருக்கிறது ஸ்கிரிப்ட்.
கதவுகள் இன்னும் திறந்தபடிதான்.
திங்கட்கிழமை ஒரு புதிய வட்டோடு
நானே புறக்கோட்டைக்குப் போக வேண்டும்,
எந்த மேசைக்குக் கீழே, எந்த மூட்டைக்குப் பின்னால்
அது இருக்கிறதென்று
கண்ணால் பார்க்க வேண்டும்.

ஐந்து மணிக்கு நாட்கூலிக் கணக்கு போனது.
அதைப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.