அதிகாலைப் பந்தி

ஓஸ்திராவா, டிராம் பணிமனை, ஓய்வறை.
மூன்றே முக்காலுக்கு வரும் முதல் ஷிஃப்ட்
கையுறையைக் கழற்றும் முன்பே
தொட்டி விழித்துக்கொள்கிறது.

நானூறு லிட்டர்.
மலாவி ஏரியின் பெயரைச் சொல்லி
பக்கத்து ஊர் நிலவறையில் பிறந்த சிக்லிட்கள்.
யாரும் யோசித்துச் சேர்த்ததில்லை.
ஒருவர் வீடு மாறியபோது மூன்று,
மணமுறிவில் நான் கொண்டுவந்து விட்டது ஐந்து.
பாறையைச் சுரண்டித் தின்னப் பிறந்ததும்
மணலைச் சலித்துத் தின்னப் பிறந்ததும்
ஒரே கண்ணாடிக்குள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதெல்லாம்
இங்கே செல்லாது.
இங்கே பந்திதான் படை.

நீலப் பட்டைக்காரனுக்கு
நாங்கள் வைத்த பெயர் டிக்கெட் பரிசோதகர்.
டப்பா மூடி திருகும் ஒலிக்கே
மேலே வந்து வாய் பிளந்து நிற்பான்.
அவன் பின்னால் மஞ்சள் கூட்டம்.
ஏழு விநாடி தண்ணீர் கொதிக்கும்.
பிறகு வெறும் தண்ணீர்,
குழாயில் ஒட்டிய ஒரு சிவப்புத் துணுக்கு,
அதற்கும் ஒரு சண்டை.

பிளாஷெனா எண்ணுகிறவள்.
மொத்தம் இருபத்திரண்டு. தின்றவை இருபது.
சாம்பல் நிறப் பெண்மீன் ஒன்று
குகை வாசலில், எதையும் துரத்தாமல்,
பன்னிரண்டு நாளாக.

அவளுக்காகத் தந்திரங்கள் நடந்தன.
வலக்கையால் இந்தக் கோடியில் தூவி
அதே நொடி இடக்கையால் அந்தக் கோடியில்
அமிழும் குருணை.
வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாதாம்.
பரிசோதகருக்கு
மூன்றாம் நாளே இரண்டு கையும் தெரிந்துவிட்டது.
விளக்கை அணைத்துப் போட்டாள்.
இருட்டில் கெளுத்தி மீசையால் தடவித் தின்றது.
கடைசியாக, மெக்கானிக் ஓல்த்ரிஹ் கொடுத்த
ஊசியில்லாத சிரிஞ்சில் இறால் கூழ்,
முழங்கை நனைய, சாம்பல்காரியின் மூக்கருகே.
அவள் பார்த்தாள்.
ஒரு விரற்கடை பின்வாங்கினாள்.

"பதினேழாம் தடம் கிளம்பணும், பிளாஷெனா!"
"கிளம்பட்டும்."

அப்போதுதான் அந்தத் தாடை.
தொண்டை பருத்து, கீழுதடு தொங்கி,
எதையோ மெல்வதுபோல
விழுங்காமல் புரட்டிப் புரட்டி.
தோல் மெலிந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள்.
கண்கள்.
முப்பதோ நாற்பதோ,
வாய்க்குள்ளிருந்து எங்களைப் பார்த்தபடி.
வாய் நிறைய வைத்திருப்பவளுக்கு
எதற்கு இறால்?

பணிமனையே சிரித்தது.
யாரோ பாலாடைக்கட்டி வைத்த பன் வாங்கி வந்தார்கள்.
பன்னிரண்டு நாள் பரிதாபத்தைக்
காபியில் நனைத்துத் தின்றோம்.

பிளாஷெனா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே,
"இருபத்திரண்டில் இருபது.
ஒன்று இவள்.
இன்னொன்று?"

சூடேற்றிக்குப் பின்னால், செங்குத்தாக,
ஆரஞ்சு வால் சிறு ஆண்.
முதுகு கத்தி விளிம்பு, வயிறு உள்வாங்கி.
வாயில் ஒன்றுமில்லை.
என் ஐந்தில் ஒன்று.
பெயர்கூட வைக்காமல் கொண்டுவந்து போட்டது.

வலை. வாளி.
மூடியாக, போன வருட நேர அட்டவணை.
கை கழுவும் தொட்டியருகே அவனுக்குத் தனிப் பந்தி.
நானே போட்டேன், ஒரே ஒரு குருணை.
அது அவசரமில்லாமல் அமிழ்ந்து
அவன் மூக்கைத் தாண்டி
அடியில் போய்க் கிடந்தது.

அவன் அதைப் பார்க்கவில்லை.
இடமும் வலமும் மேலும்
பரிசோதகர் வருகிறாரா என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.