விளக்கறைக் கணக்கு

பித்தளை வில்லையை நீட்டினால் விளக்கு.
விளக்கைத் திருப்பினால் வில்லை.
எட்டு வருடமாக என் வேலை இவ்வளவுதான்,
வெல்கோமுக்குக் கிழக்கே, மூன்றாம் சுரங்கவாயில்.
முகம் பார்க்க வேண்டியதில்லை,
எண் போதும்.
மாலையில் ஆணியில் ஒரு வில்லை மிஞ்சினால்
ஒருவன் மிஞ்சவில்லை என்று பொருள்.

சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு சின்னப் புத்தகம்.
கம்பெனி பாஷை.
தூக்கு. தள்ளு. குனி. சீக்கிரம்.
'ஏன்' என்பதற்கு அதில் பக்கமில்லை.
கடைசித் தாளில் 'ஆமாம் பாஸ்',
மூன்று விதமாக.

படுக்கையையும் அவர்களே பிரித்தார்கள்.
பசூட்டோக்களுக்கு இந்தக் கூடம்,
போண்டோக்களுக்கு அந்தக் கூடம்,
மொசாம்பிக்காரர்கள் கக்கூஸை ஒட்டி,
மலாவிக்காரர்கள் அதற்கும் அப்பால்.
நடுவில் வேலி கிடையாது,
வதந்தி போதுமானதாக இருந்தது.
சனிக்கிழமை பீர் வரும்.
பீரோடு சேதி வரும்:
உங்கள் வேலையை அவன்கள் பாதிக் கூலிக்குக் கேட்டிருக்கிறான்கள்.
திங்கள் காலை சில விளக்குகளைக் கேட்டு
யாரும் வரமாட்டார்கள்.
பூமிக்கு மேலேயே முடிந்திருக்கும்.

நானும் சொன்னவன்தான்,
"நாங்கள் வேறு, அவன்கள் வேறு" என்று.
மறைப்பதற்கில்லை.

பிறகு அந்த ஜூலையில் ஃபெனியாஸ் மபுண்டா.
வில்லை எண் 2216.
பாறை இறங்கியபோது அவனோடு இருந்தவர்கள்
லெசோத்தோவின் மொகெத்தி, போண்டோ ம்சுக்கிசி,
மலாவியின் சிக்கும்புட்சோ.
வெள்ளை மேற்பார்வையாளர் முதல் கூண்டில் ஏறிப் போயிருந்தார்.
(அவர் விளக்கு தனித் தட்டில் இருக்கும்.
அதில் எண் இல்லை, பெயர்.)
கையால் தோண்டினார்கள்,
பதினோரு மணி நேரம்.
"இருட்டில் எது யார் கை என்று தெரியவில்லை" என்றான் மொகெத்தி,
அழுதுகொண்டு அல்ல,
ஏதோ கணக்கு இடிக்கிறது என்பதுபோல.

சவப்பெட்டிச் செலவைக் கம்பெனி
செத்தவன் கூலியிலேயே பிடித்தது.
சிக்கும்புட்சோ தன் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்து
நான்கு கூடத்திலும் ஏறி இறங்கினான்.
யாரும் அடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ரயில் சமையல்காரன் ஒருவன்
கிட்வேயிலிருந்து கோகோ டப்பா கொண்டுவந்தான்.
தாமிரச் சுரங்கத்து ஆட்களின் சில்லறை,
அடியில் மடித்த காகிதம்:
'இங்கே உலோகம் சிவப்பு, அங்கே மஞ்சள்.
முதலாளி ஒருவன்தான்.
பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே.'

தோழர்.
அந்தச் சொல்லும் புத்தகத்தில் இல்லை.

"மூன்று கிலோமீட்டர் குழியிலிருந்து எடுக்கிறோம்,
லண்டனில் இன்னொரு குழி தோண்டி வைத்துப் பூட்டுகிறார்கள்.
குழிக்குக் குழி மாற்றவா இத்தனை பேர் சாகிறது?"
என்றான் ம்சுக்கிசி.
நான்கு மொழியில் சொல்லி
நான்கு தடவை சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியபோதுதான் மொகெத்தி
"நாம்" என்றான்.
நாங்கள் அல்ல. நாம்.
சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான்,
திருடிய பொருளைக் கீழே வைத்தவன்போல.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சங்கு ஊதியது.
மறுபடி ஊதியது.
மூவாயிரத்துச் சொச்சம் விளக்குகள்
தட்டில் அப்படியே.
ஆணிகளில் ஒரு வில்லை இல்லை.
மேனேஜர் போன் செய்தார், எத்தனை பேர் குறைகிறது என்று.
என் கணக்குப்படி அன்று
ஒருவரும் குறையவில்லை.
அதையே சொன்னேன்.
அறையைப் பூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

நாய்கள் வந்தது, வேன்கள் வந்தது,
எல்லோரையும் பஸ்ஸில் அள்ளி
அவரவர் எல்லையில் கொட்டியது எல்லாம் அப்புறம்.
வென்றோம் என்று சொல்லமாட்டேன்.
வில்லைகளை மட்டும் யாரும் திருப்பவில்லை.
அடிக்கோல் வைத்து வரைந்த எல்லைகளுக்கு அப்பால்
சட்டைப்பைகளில் இப்போதும் கிடக்கின்றன.

கம்பெனி கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறது:
'எமது சொத்தை உடனே ஒப்படைக்கவும்.'
சிக்கும்புட்சோ தனக்கு வந்ததை எனக்கு அனுப்பியிருக்கிறான்.
'எமது' என்பதன் கீழ் கரிப் பென்சிலால் கோடு.
ஓரத்தில், சொந்தக் கையெழுத்தில்,
ஏன்.