ஆறாம் எண்

பெருங்குடியில் இரவு இரண்டரை.
பள்ளத்தாக்கில் இப்போது பிற்பகல்.
வெயில் மலையின் மேற்குத் தோளுக்கு
நகர்ந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டு
ஹெட்செட்டை மாட்டுகிறேன்.

பதினோரு யர்ட்டுகள், இருபது கூடார மனைகள்.
ஒன்றையும் பார்த்ததில்லை.
ஆனால் மூன்றாம் எண்ணின் அடுப்பு புகையும் என்று தெரியும்.
ஒன்பதாம் எண்ணுக்குப் போகும் பாதையில்
பைன் மரம் ஒன்று விழுந்து கிடப்பது தெரியும்.
சாவி, கதவருகே தட்டைக் கல்லின் அடியில்.
சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுங்கள், கரடி வரும்.
நாய்க்குத் தனிக் கட்டணம். கரடிக்கு இல்லை.
இந்த வேடிக்கையை ராத்திரிக்கு நாலு தடவை சொல்கிறேன்,
நாலு தடவையும் சிரிக்கிறார்கள்.

யர்ட் என்று வாயில் வராமல்
முதல் வாரம் முழுக்க யார்டு, யார்டு என்றே சொல்லித் தொலைத்தேன்.
ஒருவர் பொறுமையாகக் கேட்டார்:
"கூரை உண்டா, முற்றம் மட்டும்தானா?"

பக்கத்து இருக்கை உமையாளுக்கு வேறு கவலை.
வட்டமான வீட்டில் ஈசானிய மூலை எங்கே வரும்?
ஏசிக் குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்தி
மூன்று நாளாக யோசிக்கிறாள்.

அன்றைக்கு ஒரு பெண்மணி, மகனோடு வருகிறாராம்.
ஆறாம் எண்ணிலிருந்து ஆறு கேட்குமா?
எங்கள் பாஷையில் இரண்டும் ஒரே சொல்
என்று சொல்ல ஆசை.
அழைப்பு ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.
கேட்கும் என்றேன்.
எவ்வளவு தூரம்?
திரையில் அது இல்லை.
நாற்பது காலடி என்றேன்.
குரலில் தடுமாற்றமே இல்லை.

எங்கிருந்து வந்தது அந்த நாற்பது?

ஜாபர்கான்பேட்டையில்
எங்கள் பின்கதவிலிருந்து அடையாறு நாற்பது.
குடிவந்த அன்று எண்ணியது.
ஆற்றுப் பக்கம் என்பதால்
வாடகையில் ஐந்நூறு குறைத்தார் அருளப்பன்.
அங்கே ஆற்றுப் பக்கம் என்றால்
இரவுக்குப் பதினெட்டு டாலர் கூடுதல்.

விதிமுறை பன்னிரண்டை வாசித்துக் காட்ட வேண்டும்:
ஆறு கரை மீறினால் முழுத் தொகையும்
ஐந்து வேலை நாட்களில் திருப்பித் தரப்படும்.
இந்த வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படிப்பேன்.
ரெண்டாயிரத்துப் பதினைந்தில்
எங்கள் ஆறு முன்பதிவில்லாமல் உள்ளே வந்தது.
பீரோவின் இரண்டாம் தட்டு வரை ஏறி
அண்ணனின் டிப்ளமோவைப் படித்துப் பார்த்துவிட்டுப் போனது.
ஒன்பது நாள் மாநகராட்சிப் பள்ளியில்,
மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
அதற்கும் முகாம் என்றுதான் பெயர்.
கரும்பலகையில் யாரும் அழிக்காத ஏழாம் வாய்ப்பாடு.
தூக்கம் வராதவர்கள் அதையே படித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து அதே குரல்.
புகார் இல்லை.
பையன் எண்ணிப் பார்த்தானாம், அறுபத்து மூன்று.
"உங்கள் கால்கள் அவ்வளவு நீளமா?"
பின்னால் அவன் சிரிக்கிற சத்தம்,
அதற்கும் பின்னால் விடாமல் ஒரு சரசரப்பு.
ஆறா, இணைப்பின் இரைச்சலா, தெரியவில்லை.
வைக்க மனமில்லாமல்
துணி உலர்த்தக் கொடி உண்டா, விறகு போதுமா
என்று ஏதேதோ கேட்டேன்.
எட்டு நிமிடம் பத்து விநாடி.

குறிப்புப் பெட்டியில் திருத்தினேன்:
ஆற்றுக்கு, சிறுவர் காலடியில், அறுபத்து மூன்று.

விடிகாலை வண்டி காசி தியேட்டர் முனையில் இறக்கிவிட்டது.
பையைக் கூட வைக்காமல்
பின்கதவிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.
வெள்ளத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர்
முப்பத்தொன்றில் நிறுத்தியது.
சுவர்மேல் யாருடைய போர்வையோ காய்கிறது.
எக்கிப் பார்த்தேன், எட்டவில்லை.
மிச்சம் ஒன்பது
அந்தப் பக்கம்.