உப்புப் பொருக்கு

குடம் பன்னிரண்டு ரூபாய்.
கீழக்கரையில் நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும்,
அதுவும் கருமலையான் மனசு வைத்தால்.
அதில் ஒரு செம்பை
முருங்கையடி மண்சட்டியில் ஊற்றிவைத்தேன்.

செம்போத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
மதில்மேல் ஓணான் தலையாட்டியது,
சம்மதமா மறுப்பா தெரியவில்லை.
தவிட்டுக் குருவிகள் ஏழு,
வார்டு கூட்டம்போல் கத்தி
குளித்தே தீர்த்துவிட்டன.
‘பன்னிரண்டு ரூபாய்த் தண்ணி!’ என்றேன்.
‘உனக்குக் குளிக்க வாய்க்குதா அதுல?’
மதிலுக்கு அந்தப் பக்கம் ருகையா நாச்சியா சிரித்தாள்.

தேனீக்கள் மட்டும்
சட்டிப் பக்கமே வரவில்லை.
அடிபம்பு கசிகிற இடத்தில்,
பதினொரு வருஷமாக
என் வாளிகளைத் தின்று
பருப்பை வேகவிடாமல்
தலைமுடியைக் கொத்தாக உதிர்த்த
அதே உப்புப் பொருக்கில்
நெருக்கியடித்து உட்கார்ந்து
வயிறு துடிக்க
உறிஞ்சிக்கொண்டிருந்தன.

நான் திட்டாத நாளில்லை அந்த உப்பை.

கசிவை அடைக்க
நாளைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்.
வாஷர் ஏழு ரூபாய்தான்.

போன் போட்டேன்.
நாளைக்கு வேண்டாம்,
வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றேன்.

எந்த வெள்ளி என்று
அவரும் கேட்கவில்லை.